பீர்க்கன்கரணைக்காரனுக்கு ரூம் கிடையாது

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விமானத்தின் ஜன்னலோர இருக்கையிலிருந்து தொடங்குவார்கள். நான் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மொத்தப் பயணமும் ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர் தேறாது. இருந்தாலும் பாஸ்போர்ட், விசா வாங்கிப் போகிறவர்கள் படாத பாடெல்லாம் பட்டிருக்கிறேன் என்பதால் எழுதும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பெட்டியெல்லாம்? ஊருக்கா?"

"வெகேஷன் சார்."

"ஓ! எங்க?"

"கேளம்பாக்கம்."

கேளம்பாக்கத்தில் வேறு விமானம் மாறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மேற்கொண்டு சொல்வேன் என்று காத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். என் மனைவி மாலதி ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறாள். அவள் வகுப்பில் இந்த வருடம் ஒருவர் விடாமல் தேறிவிட்டார்கள். நிர்வாகம் மகிழ்ந்துபோய் கேளம்பாக்கம் தாண்டி இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு மூன்று டிக்கெட் கொடுத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் செல்லும். அந்த இரண்டு நாள் போனால் டிக்கெட்டும் போச்சு. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பூங்கா வாசலில் இறங்கலாம். அதைத்தான் நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வீட்டுலேர்ந்து போயிட்டு வீட்டுக்கே வந்தா அதுக்குப் பேர் லீவு இல்ல, ஷிப்ட்," என்றாள் மாலதி. "ரூம் போடுங்க. ரெண்டு நாள் நான் யார் வீட்டுக்கும் எதுவும் செய்ய மாட்டேன். திங்கக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிச்சுடும். அப்புறம் அடுத்த மே மாசந்தான்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடங்களில் நாங்கள் போன சுற்றுலா எல்லாமே சொந்தக்காரர்கள் வீடுகளுக்குத்தான். இறங்கிய பத்தாவது நிமிடம் மாலதியின் கையில் ஒரு கத்தியும் எதிரில் ஒரு முறம் பீன்ஸும் இருக்கும். பெங்களூரில் அவள் பார்த்த முக்கியமான இடம் என் தங்கை வீட்டு அடுப்படி.

பூங்காவுக்குள்ளேயே ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதன் ஒரு நாள் வாடகையைப் பார்த்து, இது மாத வாடகையாக இருக்கும் என்று எண்ணி, மாத வாடகைக்கே இது ஜாஸ்தி என்று முடிவு செய்து மூடிவிட்டேன். பிறகு எங்கள் பெண் நிவேதா, வயது பதினேழு, போனில் தேடி, கண்டிகைப் பக்கம் மலிவாக ஒரு ஹோட்டல் பிடித்தாள். 'பூங்காவுக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தது. கண்டிகைக்கும் பூங்காவுக்கும் நடுவில் மாம்பாக்கம் முழுசாக இருக்கிறது என்பதை அதில் போடவில்லை.

பெருங்களத்தூர் ஸ்டாண்டு சேகர் ஆட்டோவில் போய் இறங்கினோம். கண்ணாடிக் கதவு, உள்ளே பிளாஸ்டிக் மூங்கில், அதற்குப் பின்னால் டை கட்டிய ஓர் இளைஞர். என் ஆதாரை வாங்கிப் புரட்டினார். பின்பக்கம் விலாசத்தில் அவர் கண் நின்றது.

"சார், இது லோக்கல் ஐடி."

"ஆமாம். பீர்க்கன்கரணை. ஒரிஜினல்தான்."

"ஒரிஜினல்தான் சார், அதான் பிரச்சினை. லோக்கல் ஐடிக்கு நாங்க ரூம் குடுக்கறதில்ல. ஓனர் ரூல்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். மாலதியைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் மூங்கிலைப் பார்த்தார்.

"வீடு இவ்ளோ பக்கத்துல இருக்கறவங்க எதுக்கு சார் ரூம் எடுப்பாங்க?"

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாலதிக்கு உடனே புரிந்துவிட்டது. "நான் இவரோட வைஃப்," என்றாள், பிளஸ் டூ கடைசி பெஞ்சைப் பார்க்கும் பார்வையோடு.

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க."

"அண்ணா, நான் இவங்க பொண்ணு," என்று நிவேதா முன்னால் வந்தாள். "நான் ப்ரூஃப் இல்லையா?"

"பாப்பாவும் லோக்கல் ஐடிதானே," என்றார் அவர், வருத்தத்தோடு.

உலகத்தில் எந்த ஊரிலும் அந்த ஊர்க்காரன் என்றால் ஒரு சலுகை உண்டு. பிறந்து வளர்ந்து சொத்துவரி கட்டும் மண்ணிலேயே அந்நியனை விடக் கேவலமாக நிற்க வேண்டுமானால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ரூம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம் எட்டிப் பார்த்தது. ஐம்பத்து நான்கு வயதில், முட்டியில் பெல்ட்டும் பையில் பிரஷர் மாத்திரையுமாகப் போகிறவனைப் பார்த்து, இவன் ஏதோ காதல் காரியமாக வந்திருக்கிறான் என்று ஒருவர் நம்பினால் அது லேசான விஷயமா? மாலதியிடம் சொன்னேன்.

"சந்தேகம் என் மேல வந்துது. உங்க மேல இல்ல," என்றாள்.

இரண்டாவது ஹோட்டல் மாம்பாக்கத்தில். அங்கே மேனேஜர் வயதானவர், விபூதி பூசியிருந்தார், நம்பிக்கை வந்தது. லோக்கல் ஐடியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "மேரேஜ் சர்ட்டிபிகேட் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். வெகேஷனுக்கு வரும்போது பல்துலக்கும் பிரஷ்ஷோடு கல்யாணச் சான்றிதழையும் எடுத்து வைக்கிற குடும்பம் எங்கேயாவது இருக்கலாம். நாங்கள் அது இல்லை.

நிவேதா சளைக்கவில்லை. போனில் எங்கள் கல்யாண போட்டோவை எடுத்து நீட்டினாள். மாலையும் கழுத்துமாக நானும் மாலதியும். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி, மாலதியைப் பார்த்தார். தலையசைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குக் கல்யாணத்தின்போது நெற்றியிலிருந்தே தொடங்கும் அடர்த்தியான சுருட்டை முடி.

"மேடம் மேட்ச் ஆறாங்க," என்றார் கடைசியில். "சார்தான் ஆகல. இது வேற யாரோ."

மாலதி சிரிக்க ஆரம்பித்தவள் ஆட்டோவில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. "அந்த மேட்ச் ஆறவர் எங்க இருக்காருன்னு விசாரிக்கணும்," என்று நிவேதாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதுவரை கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் கவனித்து வந்த சேகர் வண்டியை ஓரம் கட்டினார். "சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. மிஸ்டேக்கு உங்க பக்கந்தான் கீது."

"என்ன மிஸ்டேக்?"

"உள்ள போவ சொல்ல ரெண்டு பேரும் சிரிச்சிகினே போறீங்க. புருசன் பொண்டாட்டி எங்கனா சிரிச்சிகினு ரூமுக்குப் போவாங்களா? அதான் அவனுக்கு டவுட்டு. நல்லா சண்டை போட்டுகினே போங்க சார். ஐடியே கேக்க மாட்டான்."

இருபது வருடமாக மனிதர்களை ஏற்றி இறக்குகிறவர் சொல்கிறார். மூன்றாவது ஹோட்டல் வாசலிலேயே தொடங்கினோம். பெட்டியை யார் தூக்குவது என்று நான் பலவீனமாக ஆரம்பித்தேன். மாலதிக்குத் தயாரிப்பே தேவைப்படவில்லை. "இருபத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு ஒரே ஒரு ரூம் எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். குரல் சுத்தமாக இருந்தது, ஒரு பிசிறு இல்லை. நான் நடிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் நடிக்கவே தொடங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

வரவேற்பில் இருந்த அம்மாள் எங்களை முழுசாக நம்பினார். "நீங்க புருஷன் பொண்டாட்டிதான், நல்லா தெரியுது," என்றார். "ஆனா குடும்பத் தகராறுன்னா ரூம் தர மாட்டோங்க. போன மாசந்தான் ஒருத்தர் டிவிய ஒடைச்சுட்டுப் போனாரு."

சேகர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் ஓவரா பூட்டுது போல."

வீட்டுக்கே திரும்பினோம். எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. கேட்டைச் சத்தம் வராமல் திறந்து என் சொந்த வீட்டுக்குள் நான் திருடனைப்போல நுழைந்தேன். மாலதி பெட்டியைத் திறக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. வாங்கி வந்த பரோட்டாவைக் காகிதத்திலேயே வைத்துத் தின்றுவிட்டு, ரயில் தவறிய பயணியைப்போல ஹாலில் பெட்டி மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"உள்ள போய்ப் படேன்."

"நான் டிரான்ஸிட்ல இருக்கேன்," என்றாள். "நாளைக்கு ஒரு ராத்திரி இருக்கு உங்களுக்கு."

சனிக்கிழமை காலை பெட்டியோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டுன்னா அந்தாண்ட நிக்கணும் சார்," என்றார். இல்லை, இந்தப் பக்கம்தான் என்றேன். மாம்பாக்கம் தாண்டும்வரை அவர் என்னைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

பூங்காவைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. பாதி நேரம் பைகளுக்குக் காவலாக நின்றேன். மீதி நேரம் வாடகைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு நைலான் கால்சட்டையில், இடுப்பளவு தண்ணீரில், அதேமாதிரிக் கால்சட்டை அணிந்த ஐந்நூறு குடும்பத் தலைவர்களோடு நின்றேன். எங்களில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. உணவு விடுதியில் இட்லி, ஹோட்டலில் பிரியாணி விற்கும் விலைக்குக் கிடைத்தது; அதை உரிய மரியாதையோடு மெதுவாகச் சாப்பிட்டோம்.

மாலதி வேறொரு பூங்காவில் இருந்தாள். மேலே கொண்டுபோய்த் தலைகீழாகக் கொட்டும் ரயில் ஒன்று இருந்தது. அதில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி வரிசையில் போய் நின்றாள். மூன்று தடவை. "பரவளையத்தை இருபது வருஷமா போர்டுல போட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் உள்ள உக்காந்து பாத்தேன்," என்றாள். தலைமுடி நாலாபக்கமும் நின்றது. சரிசெய்துகொள்ளவில்லை.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் நெல்லூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் தெலுங்கில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்: ரூமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெந்நீர் வர ஐந்து நிமிடம் ஆகிறது. கணவர் சமாதானமாக, கண்ணாடிக் கதவு, மூங்கிலெல்லாம் வைத்திருக்கிறார்களே, சாயங்காலம் சொன்னால் பார்ப்பார்கள் என்றார். மூங்கிலா? எந்த ஹோட்டல் என்று விசாரித்தேன். அதே ஹோட்டல்தான். ஐடி ஏதும் கேட்டார்களா? நெல்லூர் என்றதும் பெட்டியைக்கூட அவர்களே தூக்கி வந்தார்களாம். வாழ்க்கையில் நான் நெல்லூரில் பிறக்காததற்காக வருந்திய முதல் சந்தர்ப்பம் அது.

நான்கு மணிக்கு வெளியே வந்தோம். அங்கிருந்து ரூம் தேடிக் கோவளம் போவதற்குள் இரண்டு லாட்ஜ்களில் கேட்டோம். ஒன்று முழுக்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் போயிருந்தது. மற்றதில் ஆதாரின் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மாலதி, காலையில் நாலாபக்கமும் நின்ற முடியைப் பின்னிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் பின்னுகிற மாதிரி, இறுக்கமாக.

"எனக்குப் பசிக்குது," என்றாள் நிவேதா. "திட்டறதா இருந்தா சாப்ட்டுத் திட்டிக்கோங்க."

கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு குப்பம். கடலுக்குப் போகும் சந்தில் ஓர் அம்மாள் பெரிய இரும்புக் கல்லில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். சுங்குடிப் புடவை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பெயர் கன்னியம்மா என்பது பிறகு தெரிந்தது. என்னையும் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பொட்டியோட கடலாண்ட வந்துகீறீங்க? ஊட்ல ஒண்ணும் பேஜார் இல்லியே?"

இல்லை என்றேன். மூன்று தட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சங்கரா மீன், மிளகாயும் பூண்டும் கருகும் வாசனையோடு. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசித்தபடி சாப்பிட்டேன். ஆறரைக்குக் கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் பஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை முதலில் யார் சொல்வது என்பதுதான் கேள்வி. நிவேதாதான் கன்னியம்மாவிடம் எங்கள் கதையைச் சொன்னாள். மூங்கில், மேட்ச் ஆகாத போட்டோ, ஓவராய்ப் போன சண்டை எல்லாம். கன்னியம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மேல ரூம்பு கீது," என்றார். "அலைல பலகை வுட்ற பசங்க வந்து தங்குவானுங்க. இந்த வாரம் காலி. ஒரு கட்லு, ஒரு பேனு, பாத்ரூம்பு தனி. வோணுமா?"

நான் அவசரமாக ஆதாரை எடுத்தேன். "அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். இது லோக்கல் ஐடி. மேரேஜ் சர்ட்டிபிகேட் இல்ல."

"அத்த உள்ள வை சார். எண்ணெ படப்போவுது." பிறகு மாலதியிடம் திரும்பினார். "எத்தினி வருசமா இவருக்கு முள்ளு எட்த்துக் குட்த்துகினு கீற?"

மாலதி விழித்தாள். நானும் விழித்தேன்.

"நானும் அப்பலேந்து பாத்துகினுதான் கீறேன். நீ பொண்ணுகிட்ட பேசிகினே முள்ள எட்த்து இவரு தட்டுல போட்ற. இவரு கடலப் பாத்துகினே எட்த்து துன்றாரு. நீயும் பாக்கல, இவரும் பாக்கல. புதுசா சேந்ததுங்கன்னா ஊட்டி வுட்டுகினு இல்ல உக்காந்திருக்கும்?"

என் தட்டைப் பார்த்தேன். முள் நீக்கிய துண்டுகள் ஓரமாக அடுக்கியிருந்தன. மாலதியின் தட்டைப் பார்த்தேன். முள் குவியலுக்குப் பின்னால் அவளுடைய மீன் முழுதாக, தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யாருக்கும் எதுவும் செய்ய மாட்டேன் என்றவளின் விரல்கள் அவளுக்கே தெரியாமல் வேலைக்குப் போயிருந்தன.

"நீ சாப்பிடு," என்றேன். அடுத்த மீனுக்கு நானே முள் எடுத்தேன். எடுத்ததைவிட விட்டதுதான் அதிகம். அதில் ஒன்று தொண்டையில் சிக்கி, கன்னியம்மா ஒரு வாழைப்பழத்தோடு ஓடிவந்தார். மாலதி தன் மீனிலிருந்து கண்ணெடுக்காமல், "முழுங்குங்க, போயிடும்," என்றாள். விடுமுறை ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அறை சொன்னபடியே இருந்தது. ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு பேன். ஜன்னல் வழியாகக் கடலும் கருவாடும் சேர்ந்தே வந்தன. வாடகை, எங்கள் மூவரின் பூங்கா இட்லி விலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாலதி கட்டிலின் குறுக்காகப் படுத்தாள். நேராகப் படுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நானும் நிவேதாவும் பாயைப் பங்கிட்டுக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவளை எழுப்பினேன். "டிக்கெட் இன்னிக்குத்தான் கடைசி."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ரயிலு?"

"மூணு தடவ போயாச்சு."

நானும் நிவேதாவும் போனோம். தலைகீழ் ரயிலில் என்னை ஏற்றிவிட்டாள். பரவளையத்தைப் பற்றி நான் எதுவும் கவனிக்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது மாலதி ஜன்னலோரம் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிவரை தூங்கினாளாம். கன்னியம்மா இறால் குழம்பு கொண்டுவந்து வைத்தாராம். தட்டைக் கழுவப் போனவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். வேறென்ன செய்தாய் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் செய்யல," என்றாள். வகுப்பு முழுக்கத் தேறியபோதுகூட அவள் குரலில் அவ்வளவு பெருமை இல்லை.

ஐந்து மணிக்குப் பெட்டியைக் கட்டினோம். நிவேதா முதலில் இறங்கிப் போனாள். வாசலில் செருப்பை மாட்டிய மாலதி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் போர்வை சுருண்டு கிடந்தது. தலையணை ஒன்று தரையில். படுக்கை விரிப்பின் ஒரு மூலை வெளியே வந்து தொங்கியது.

"அத்த வுடு கண்ணு, நான் பாத்துக்கறேன்!" என்று கீழேயிருந்து கன்னியம்மா கத்தினார். எப்படித் தெரிந்ததோ.

மாலதி தலையாட்டினாள். ஆனால் அவள் வலது கை மட்டும் கட்டிலை நோக்கி நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று ஐயர் சொல்லிப் பிடித்தது. அதன் பிறகு ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போது மட்டும். பிடித்தபடியே படியிறங்கினேன்.

கீழே ரூம் கேட்டு ஒரு பையனும் பெண்ணும் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அந்தப் பெண் எங்கள் கைகளைப் பார்த்தாள், என் வழுக்கையைப் பார்த்தாள், மாலதியின் கலைந்த தலையைப் பார்த்தாள். பிறகு பையனின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சுவரோடு ஒட்டி, எங்களுக்கு வேண்டியதற்கு மேலேயே வழிவிட்டார்கள்.

மாலதி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை.